எதுவரை போகுது? – வாசகர் கேள்வி பதில்

கல்லடியில் இருந்துகொண்டு வலையமைப்பு வயரிங் வேலை செய்பவன் நான். 2003 இல் மட்டக்களப்பு நகரில் ஒரு நெற் கஃபேயில் உதவியாளாகச் சேர்ந்தேன். ரெலிபோன் லைனில் ஓடும் 56 கிலோபிட் மோடம் ஒன்று, அதைப் பங்குபோடும் நான்கு கணினிகள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஈமெயிலில் அனுப்பிய போட்டோவைப் பார்க்க வெல்லாவெளி, வாகரையில் இருந்தெல்லாம் தாய்மார் வருவார்கள். படம் மேலிருந்து கீழே கீற்றுக் கீற்றாக இறங்கும். முதலில் தலைமயிர், மறுகா நெற்றி, மறுகா கண். வாய் தெரியுமுன் லைன் அறுந்துவிடும். ஒரு அம்மா திரையில் கையை வைத்து, "மிச்சம் எங்க மகன் நிக்குது?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தொழிலைப் படித்தேன்.

இன்றைக்கும் யார் பழுதென்று கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது "எதுவரை போகுது?" என்றுதான். ரவுட்டர், ஐபி, டிஎன்எஸ் என்று புதியவர்களை மிரட்டும் சொற்கள் எல்லாம் அந்த வழியில் உள்ள தரிப்பிடங்களின் பெயர்கள். பெயர் தெரிந்தால் எங்கே நிற்கிறது என்று சொல்லலாம். சொல்லத் தெரிந்தவர் தேவையில்லாத பெட்டிக்குக் காசு கொடுக்கமாட்டார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் சில:

எங்கட வீட்டு வைஃபை போனில் நிறையக் காட்டுது. ஆனால் ஒண்டும் திறக்குதில்லை. மகன் புது ரவுட்டர் வாங்கச் சொல்றான். வாங்கவா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

வாங்காதீங்க அக்கா. முதலில் எதுவரை போகுது என்று பார்ப்போம்.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. போனின் மேல் மூலையில் தெரியும் விசிறி அடையாளம், உங்கள் கைக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள பத்துப் பதினைந்து அடிக்குத்தான் சாட்சி. அதற்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. களுவாஞ்சிகுடிச் சந்தியில் கொழும்பு பஸ்ஸில் ஏறி, யன்னலோர சீற்றும் கிடைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். மன்னம்பிட்டியில் வெள்ளம் றோட்டை மூடியிருந்தால்? பஸ்ஸில் பிழையில்லை. புது பஸ் வாங்கினாலும் அதே வெள்ளத்தில் போய்த்தான் நிற்கும்.

போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 போல ஒரு இலக்கம் இருக்கும். அதை பிரவுசரில் அடியுங்கள். ரவுட்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் உங்கள் போனும் ரவுட்டரும் நன்றாகக் கதைக்கின்றன. பழுது அதற்கு வெளியே. திறக்காவிட்டால் பழுது வீட்டுக்குள். அடுத்தது விளக்குகள். ஃபைபர் இணைப்பென்றால் பி.ஓ.என் என்ற விளக்கு பச்சையாக அசையாமல் எரியவேண்டும். எல்.ஓ.எஸ் சிவப்பாக மின்னினால் கண்ணாடி இழையில் வெளிச்சம் வந்து சேரவில்லை. வெளியே மரக்கிளை விழுந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், அலுமாரியை நகர்த்தும்போது அந்த மெல்லிய வயர் மடிந்தும் இருக்கலாம். கம்பனிக்கு எடுத்து "நெற் இல்லை" என்று சொல்லாதீங்க, "எல்.ஓ.எஸ் சிவப்பு" என்று சொல்லுங்க. கதை சீக்கிரம் ஆள் அனுப்புவதற்கு வந்துவிடும்.

தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு அம்மாவுக்கு நான் புது ரவுட்டர் வாங்கிப் பூட்டினேன். பழுது சுவருக்குள் ஓடிய வயரில் இருந்தது. அடுத்த நாள் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எண்ணிக் கொடுத்த பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

எங்கட வீட்டுக் கணினியின் ஐபி விலாசம் 192.168.1.5. அக்கரைப்பற்றில் இருக்கும் கூட்டாளியின் கணினிக்கும் அதே இலக்கம். ஐபி விலாசம் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்று படித்தோம். எது பிழை? ஐபிக்கும் மெக் விலாசத்துக்கும் என்ன வித்தியாசம்?
– உயர்தர மாணவன், சம்மாந்துறை

இரண்டும் பிழையில்லை தம்பி. கல்முனையிலும் பிரதான வீதி இருக்கிறது, அக்கரைப்பற்றிலும் இருக்கிறது. "5, பிரதான வீதி" என்று எழுதினால் ஊருக்குள் கடிதம் போய்ச் சேரும். வெளியூரில் இருந்து வரும் கடிதத்துக்கு அது போதாது.

ஐபி விலாசம் என்பது வலையமைப்பில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்கும் இலக்கம். அதன் நான்காம் பதிப்பு 32 பிட் நீளம், பிட் என்பது 0 அல்லது 1. அதில் 4,294,967,296 விலாசங்கள்தான் உண்டு. சுமார் 430 கோடி. உலகச் சனத்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு வீட்டிலேயே ஐந்து கருவி. அதனால் 10 இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 இல் தொடங்குபவை என்று மூன்று கூட்டத்தை வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் பாவிக்க ஒதுக்கினார்கள். 1996 இல் எழுதிய விதி இன்றும் அதேதான். இந்த இலக்கங்கள் வெளி இன்டர்நெட்டில் செல்லாது.

அப்போ உன் கேள்வி எப்படி வெளியே போய்ப் பதில் வருகிறது? ரவுட்டர் ஒரு கொப்பி வைத்திருக்கிறது. கடைக்காரர் கடன் கொப்பியில் எழுதுவது போல, "5 ஆம் இலக்கம் இன்ன தளத்தைக் கேட்டது" என்று குறித்துவிட்டு, கம்பனி தனக்குத் தந்த வெளி விலாசத்தைப் போட்டு அனுப்பும். பதில் வந்ததும் கொப்பியைப் பார்த்து உன்னிடம் தரும். இதற்குப் பெயர் நாட். இடப்பற்றாக்குறையை முழுதாகத் தீர்க்க வந்தது ஐபியின் ஆறாம் பதிப்பு, 128 பிட். உன் போனில் முக்காற்புள்ளி போட்ட நீண்ட விலாசம் ஒன்றும் தெரிந்தால் அது அதுதான்.

மெக் விலாசத்தையும் கேட்டிருந்தாய். ஐபி நீ இருக்கும் வீட்டு விலாசம், வீடு மாறினால் மாறும். மெக் அடையாள அட்டை இலக்கம் போல, தொழிற்சாலையில் போட்டது. புது அடையாள அட்டையைப் போலவே அதிலும் 12 இடம், ஆனால் 0 முதல் 9 வரையுடன் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும். மெக் ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாது. பரீட்சைக்கு "மாறாதது" என்று எழுது. ஆனால் அண்ட்ரொயிட் 10 க்குப் பிறகு வந்த போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு மெக் இலக்கத்தைச் சொல்வது வழமையாகிவிட்டது, ஆளைப் பின்தொடரவிடாமல் இருக்க. அதையும் தெரிந்துவைத்துக்கொள்.

கணவர் கட்டாரில். வீட்டுக் கமராவை அங்கிருந்து பார்க்க முடியாமல் இருக்கு. சிம் போடுகிற ரவுட்டர். பூட்டியவர் போர்ட் திறந்தாராம், ஆனாலும் சரிவரவில்லை.
– ஒரு வாசகி, நிந்தவூர்

தங்கச்சி, மேலே தம்பிக்குச் சொன்ன பதிலின் தொடர்ச்சிதான் உங்களுடையது. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் "வேன் ஐபி" (WAN IP) என்ற இடத்தைப் பாருங்கள், அது கம்பனி ரவுட்டருக்குத் தந்த வெளி விலாசம். அது 10 இல் தொடங்கினாலோ, 100.64 க்கும் 100.127 க்கும் இடையில் இருந்தாலோ, கம்பனி தன் பக்கத்திலும் ஒரு நாட் வைத்திருக்கிறது. உங்கள் வீடு ஒழுங்கைக்குள் ஒரு ஒழுங்கை. போர்ட் திறப்பதென்றால் வெளியில் இருந்து வருபவரை உள்ளே வர விடுவது. பூட்டியவர் உங்கள் படலையைத் திறந்துவிட்டார், வெளிப் படலையின் திறப்பு அவரிடம் இல்லை. அவரைக் கோபிக்கவேண்டாம்.

கமராவில் கியூஆர் குறி இருந்தால், கணவரின் போனில் அந்தக் கமராவின் செயலியைப் போட்டு அதை ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். அப்போது கமரா உள்ளிருந்து வெளியே கூப்பிட்டு வழியைத் திறந்துவைக்கும். உள்ளிருந்து வெளியே போகிற அழைப்பை நாட் மறிப்பதில்லை. இல்லையென்றால் பொது ஐபி தருவார்களா என்று கம்பனியிடம் கேட்கவேண்டும். அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்கலாம்.

எந்த வழியில் போனாலும், கமரா வந்தபோது இருந்த கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். பெரிதாகவும் உங்களுக்கு மட்டும் தெரிந்ததாகவும் வையுங்கள். நீங்களும் பிள்ளைகளும் தனியே இருக்கும் வீட்டை முகம் தெரியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க விடக்கூடாது. பூட்டியவருக்கும் அந்தச் சொல் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

100 என்று சொல்லித்தான் பெக்கேஜ் தந்தார்கள். படம் இறக்கும்போது 11 தான் காட்டுது. இது ஏமாற்றுத்தானே?
– ஹார்ட்வெயார் கடைக்காரர், காத்தான்குடி

இல்லை காக்கா. அவர்கள் விற்பது மெகாபிட்டில், உங்கள் கணினி எண்ணுவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 ஐ 8 ஆல் பிரித்தால் 12.5. படம் சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் வரும். ஒவ்வொரு பொதியின் மேலும் எழுதும் விலாசத்துக்குக் கொஞ்சம் இடம் போகும். 11 என்பது நல்ல கணக்கு. உங்கள் கடையிலும் மீற்றர் கணக்கில் வாங்கிய வயரை அடிக்கோலால் அளந்தால் இலக்கம் வேறாகத்தானே வரும்?

காத்தான்குடியில் வீடுகள் சுவரோடு சுவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் வைஃபையில் ஒன்றையொன்று இடிக்காத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வீடுகள் எல்லாம் அதில் நெருங்கி நிற்கும். கடையில் 11 வந்து வீட்டில் 2 வந்தால், 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். அது சுவரை அவ்வளவு ஊடுருவாது. அதனாலேயே அயலவரின் தொல்லையும் குறைவு. ரவுட்டரை சோகேஸுக்குள் சாமான்களுக்குப் பின்னால் வைக்கவேண்டாம்.

முப்பது பிள்ளைகளுக்குப் போதாதென்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி முதலாவதோடு வயரால் தொடுத்தோம். அன்றிலிருந்து சிலருக்கு வருகுது, சிலருக்கு இல்லை. இன்றைக்கு வந்தவருக்கு நாளைக்கு இல்லை. சிக்னல் எல்லாருக்கும் நிறைய.
– டியூசன் நிலைய ஆசிரியர், கல்முனை

சேர், உங்கள் கடிதம் வந்த கிழமையே நான் வந்து பார்த்தேன். மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்பதால் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

நெற் வரும் பிள்ளையின் மடிக்கணினியையும் வராத பிள்ளையின் மடிக்கணினியையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் விண்டோஸில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை (cmd) திறந்து ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை அடித்தேன். ஒன்றில் விலாசம் 192.168.1.23, வாசல் (வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் விலாசம்) 192.168.1.1. மற்றதில் விலாசம் 192.168.0.14, வாசல் 192.168.0.1. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: ஒன்றில் 1, மற்றதில் 0. பழுது முழுக்க அந்த ஒரு எண்ணுக்குள் இருந்தது.

வலையமைப்புக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் விலாசம் கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காலையில் நம்பர் துண்டு கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டில் உங்கள் இலக்கமும் எந்த அறைக்குப் போகவேண்டும் என்பதும் இருக்கும். உங்கள் நிலையத்தில் துண்டு கொடுக்க இரண்டு பேர் நின்றார்கள். பழைய ரவுட்டர் தந்த துண்டில் டொக்டர் இருக்கும் அறை. புது ரவுட்டர் தந்த துண்டில் டொக்டரே இல்லாத அறை, ஏனென்றால் வெளி லைன் வந்து சேரவேண்டிய அதன் வேன் துளையில் எந்த லைனும் இல்லை. யாரிடம் முதலில் துண்டு கிடைத்ததோ அதுதான் அந்தப் பிள்ளையின் அன்றைய விதி.

புது ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்தினேன். அதன் விலாசத்தை 192.168.1.2 ஆக்கினேன். வயரை ஒரு ரவுட்டரின் லேன் துளையில் (உள்வீட்டுக் கருவிகளுக்கான துளை) இருந்து மற்றதன் லேன் துளைக்கே விட்டேன். இப்போது அது ரவுட்டர் வேலை பார்க்கவில்லை. வைஃபையைப் பரப்பும் எக்செஸ் பொயின்ட் மட்டும். கடையில் ரவுட்டர் என்று விற்கும் பெட்டிக்குள் ரவுட்டர், சுவிட்ச், எக்செஸ் பொயின்ட் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. உள்வீட்டையும் வெளியுலகையும் இணைப்பது ரவுட்டர். ஒரே வீட்டுக்குள் வயர்களை இணைப்பது சுவிட்ச். ஒரு வீட்டுக்கு ரவுட்டர் ஒன்று போதும். மற்ற இரண்டும் எத்தனையும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள்: விலாசம் 169.254 இல் தொடங்கினால், துண்டு கொடுக்க ஒருவருமே இல்லை என்று அர்த்தம். கணினி தானே ஒரு இலக்கத்தை எழுதிக்கொண்டு நிற்கிறது.

மகளின் அறைக்கு வளவுக்குள்ளால் 40 மீற்றர் நெற்வேர்க் வயர் இழுத்து, முனைகளில் நானே பிளக் தலை அடித்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியுது. ஆனால் விட்டு விட்டு வருகுது. வைஃபை இருக்க வயர் எதுக்கு என்று மனைவியும் ஏசுறா.
– ஒரு தகப்பன், ஆரையம்பதி

தானே செய்ய முன்வந்தது எனக்கு மிகவும் பிடித்தது அண்ணன். 100 மீற்றர் வரை தாங்கும் வயர், தூரத்தில் பிழையில்லை. நிறங்களை எப்படி அடுக்கினீர்கள்? செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, கபிலச் சோடி என்று சோடி சோடியாகத்தானே? கண்ணுக்கு அழகாக இருக்கும், டெஸ்டரும் ஏற்றுக்கொள்ளும், வேலைதான் செய்யாது.

சரியான வரிசை இது. கிளிப் கீழே பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைச் சோடி நீலச் சோடியை நடுவில் விட்டு இரு பக்கமும் நிற்கவேண்டும். 3 ஆம் ஊசியும் 6 ஆம் ஊசியும் ஒரே சோடியாக இருக்கவேண்டும் என்பதுதான் விசயம். சோடியின் இரண்டு கம்பிகளிலும் சமிக்ஞை ஒன்றுக்கொன்று எதிர்மாறாக ஓடும். முறுக்கி இருப்பதால் வெளியில் இருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு விழுந்து, முடிவில் கழிபட்டுப்போகும். 3 இல் ஒரு சோடியின் கம்பியும் 6 இல் இன்னொரு சோடியின் கம்பியும் இருந்தால் அது கழிபடாது. டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், எதோடு எது முறுக்கியிருக்கிறது என்று பார்க்காது. தலைக்குள் போகும் இடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கை அவிழ்க்கவும் வேண்டாம்.

100 மெகாபிட் ஓட இரண்டு சோடி போதும், 1,000 ஓட நான்கும் வேண்டும். கணினி 1,000 காட்டவேண்டிய இடத்தில் 100 காட்டினால் எட்டில் ஒரு கம்பி எங்கோ தொடவில்லை.

ஆரையம்பதி கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. போன மாதம் உங்கள் பக்கத்து ஊரில் ஒரு தலையைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எட்டு ஊசியில் ஏழு மஞ்சளாகப் பளபளக்க, மூன்றாவதில் மட்டும் பச்சைக் களிம்பு, கடுகளவு. உப்புக்காற்று. துடைத்தால் சில நாள் ஓடும், வெட்டிப் புதுத் தலை அடித்தால்தான் நிலைக்கும். வாங்கிய வயரின் ஒரு கம்பியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பாகச் சிவந்திருந்தால் நல்லது. வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்; மலிவு, நம் கரையில் நாள் நிற்காது. வெளியில் இருந்து சுவருக்குள் நுழையுமுன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே எடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், அறைக்குள் வராது.

அக்காவுக்குச் சொல்லுங்கள்: பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்போமே, வைஃபை அப்படி. ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், மற்றவர் எல்லாரும் பொறுக்கவேண்டும். வயர் 2013 இல் திறந்த புதுப் பாலம். போவதும் வருவதும் ஒரே நேரத்தில். படிக்கிற பிள்ளையின் மேசைக்கு அது வேண்டும்.

சூம் வகுப்பில் மகளின் படம் உறைந்துபோகுது. ஸ்பீட் டெஸ்டில் 40 வருகுது. பின்ன ஏன்?
– ஒரு தாய், திருக்கோவில்

சாகாமக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலின் அகலம் ஒன்று. துருசு திறந்த நேரத்தில் இருந்து உங்கள் வரம்புக்குத் தண்ணீர் வந்து சேர எடுக்கும் நேரம் இன்னொன்று. அகலத்தைப் பட்டையகலம் என்பார்கள், அதுதான் அந்த 40. வந்து சேரும் நேரத்துக்குத் தாமதம் என்று பெயர், மில்லிசெக்கனில் அளப்பது. வகுப்புக்கு அகலம் பெரிதாக வேண்டாம், சில மெகாபிட் போதும். தாமதம்தான் முக்கியம்.

அதோடு, அந்த 40 இறங்கும் வேகம். மகளின் முகமும் குரலும் ஏறிப் போகவேண்டியவை. ஏறும் வேகம் பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. வகுப்பு நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது எடுத்த படங்களை எல்லாம் தானாக மேலே சேமித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பத்துக்கு எட்டு வீட்டில் நான் கண்டது அதுதான். அவ்வளவு படமும் ஏறும் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்க, மகளின் குரல் பின்னால் வரிசையில் நிற்கிறது. வகுப்பு முடியும்வரை அந்தச் சேமிப்பை நிறுத்திவையுங்கள்.

சோதிக்கவேண்டுமா? கணினியின் கறுப்புத் திரையில் பிங் (ping) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்ற கூகுளின் விலாசத்தைப் போடுங்கள். அங்கே போய்த் திரும்ப எத்தனை மில்லிசெக்கன் என்று காட்டும். அந்தப் போனை நிறுத்தமுன் ஒரு முறை, நிறுத்திய பின் ஒரு முறை. எண் பல மடங்கு குறைந்தால் கள்வன் பிடிபட்டான். சில ரவுட்டர்களில் கியூஓஎஸ் என்ற பகுதி இருக்கும். எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் என்று வட்டவிதானையார் தீர்மானிப்பது போல, மகளின் கணினிக்கு முதலிடம் என்று அதில் எழுதிவைக்கலாம்.

ஐப்பசி முழக்கத்தில் ரவுட்டர் எரிந்துபோச்சு. இந்த முறை என்ன செய்ய?
– ஒரு விவசாயி, கொக்கட்டிச்சோலை

வானம் இருட்டும்போதே அடப்டரை சொக்கட்டில் இருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது, பிளக்கையே உருவவேண்டும். பழைய செம்பு ரெலிபோன் லைன் என்றால் அதையும் ரவுட்டரில் இருந்து உருவுங்கள். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் அந்தப் பெட்டிக்கும் அடப்டர் வழியாகக் கரண்ட் வருகிறதே. பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையில் வெளியால் ஓடும் செம்பு வயர் இருந்தால் இரண்டு முனையும் கழற்றவேண்டும். முழக்கம் தலைக்கு மேல் வந்த பிறகு ஒன்றையும் தொடாதீங்க. ரவுட்டர் போனால் போகட்டும்.

டிஎன்எஸ் என்றால் என்ன? 8.8.8.8 போட்டால் வேகம் கூடுமென்று பேரன் சொல்கிறான்.
– ஓய்வுபெற்ற தபாலதிபர், வாழைச்சேனை

ஐயா, மட்டக்களப்பு என்று எழுதியிருந்தால் 30000 என்று உங்களுக்கு நினைவில் வரும். வலையமைப்புக்கு ஊர்ப்பெயர் விளங்காது, இலக்கம்தான் விளங்கும். தளத்தின் பெயரைக் கொடுத்தால் இலக்கத்தைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்தது. அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரே பட்டியலில் எழுதிப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டுப் பெயர்கள் எல்கே என்று முடிவது 1990 முதல். .இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயரும் எடுக்கலாம்.

8.8.8.8 கூகுள் நடத்தும் டிஎன்எஸ், 1.1.1.1 கிளவுட்ஃபிளேரினுடையது. கம்பனியின் டிஎன்எஸ் மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்குவது கொஞ்சம் விரைவாகும். படம் இறங்கும் வேகம் கூடாது. பேரனைக் கோபிக்கவேண்டாம், அவன் அடித்த அந்த இலக்கம் வேறொரு விதத்தில் பெரிய உதவி: 8.8.8.8 க்குப் பிங் பதில் வந்தும் தளங்கள் பெயரால் திறக்கவில்லை என்றால், லைன் சரி, நின்றது டிஎன்எஸ்ஸில். யாரென்று தெரியாதவர் தரும் இலக்கத்தை மட்டும் அங்கே போடாதீர்கள். வங்கியின் பெயரைக் கேட்டால் போலித் தளத்தின் இலக்கத்தைத் தருபவர்களும் இருக்கிறார்கள்.

இன்டர்நெட் செய்மதியில் இருந்தா வருது?
– தரம் 8 மாணவி, வாகரை

பெரும்பகுதி கடலுக்கு அடியால் வருகிறது மகள். செய்மதி இன்டர்நெட்டும் உண்டு. ஆனால் நீ பார்க்கும் படமும் பாட்டும் கூடுதலாகக் கண்ணாடி இழைக்குள்ளால் வெளிச்சமாக ஓடி வருபவை. ஓர் இழையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒன்று. சிங்கப்பூரில் இருந்து பிரான்ஸ் வரை 20,000 கிலோமீற்றர் போகும் ஒரு கேபிள் மாத்தறையில் நம் கரையைத் தொடுகிறது. 2016 இல் பாவனைக்கு வந்தது. கொழும்பிலும் வேறு கேபிள்கள் கரையேறுகின்றன. கிழக்குக் கரையில் இருக்கும் நமக்கு அங்கிருந்து தரை வழியாக வருகிறது.

கண்ணாடிக்குள் வெளிச்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். வாகரையில் இருந்து கொழும்புக்குப் போய்த் திரும்ப இழைக்குள் 3, 4 மில்லிசெக்கன் போதும். பழைய வகைச் செய்மதிகள் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால், கேள்வி மேலே போய் இறங்கி, பதில் மேலே போய் இறங்க அரைச் செக்கன் ஆகும்.

உங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஆசிரியரிடம் கேட்டு, விண்டோஸின் கறுப்புத் திரையில் ட்ரேசர்ட் (tracert) கட்டளையை அடித்து, தூர நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தளப் பெயரைக் கொடு. வரிசையாகப் பெயர்களும் எண்களும் விழும். ஒவ்வொரு வரியும் உன் கேள்வி கடந்துபோன ஒரு ரவுட்டர், முதல் வரி உங்கள் பாடசாலையுடையது. நட்சத்திரம் வந்தால் அந்த ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம், பயப்படாதே. 10, 15 மில்லிசெக்கன் என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென்று 50, 60 என்று ஏறி, பிறகும் இறங்காமல் இருக்கும் வரியைத் தேடு. அநேகமாக அங்கேதான் அது கடலில் இறங்கியிருக்கும். அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுத் தாளை எனக்கு அனுப்பு.